குழாயில் நின்ற காற்று

வெள்ளையனின் வலது மணிக்கட்டை உடைத்தது நான்தான். அதுவும் மாசி மாதத்தில், மிளகு பழுத்துக் கிடக்கிற நேரத்தில். சில்வர் ஓக் மரத்தில் நாற்பதடி ஏறி மிளகு பறிக்க அவனைப் போல் ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. அந்தக் கையை நம்பித்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. தெரியாமல் அடித்துவிட்டேன் என்று சொன்னால் பொய். எல்லாம் தெரிந்தே அடித்தேன்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷம் காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் மெஷின்களைப் பழுது பார்த்தேன். அந்த நாட்களில் இரண்டு பேரை அடித்திருக்கிறேன், ஒருவர் கணக்கெழுதும் ரைட்டர். என் மனைவி ஞானசுந்தரி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் கோபத்துக்கென்றே தனியாக ஜெபம் செய்வாள். அதைப் பார்த்தாலும் எனக்குக் கோபம்தான் வரும்.

எங்கள் கிணறு மலைச்சரிவில் வீட்டுக்கு மேலே, வெள்ளையனின் காப்பிக் காட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. மோட்டார் போட்டால் கிணற்றடித் தொட்டி நிறையும். அங்கிருந்து ஒரு கருப்பு ஹோஸ் சரிவில் இறங்கி, வெள்ளையன் காட்டில் ஒரு சின்ன மேட்டில் ஏறி, மறுபடி இறங்கி எங்கள் வீட்டுக்கு வரும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதை இழுத்துக் கொடுத்தவனே வெள்ளையன்தான். எழுத்து கிழுத்து எதுவும் கிடையாது. எங்க காடு வழியா போகட்டுமுங்கண்ணா என்றான், போனது. நான் அப்போது மெஷினே கதி என்று கிடந்தேன். ஹோஸ் எப்படிப் போகிறது என்று ஒரு நாளும் ஏறிப் பார்த்ததில்லை.

அந்த மாதத் தொடக்கத்தில் தண்ணீரின் வேகம் குறைந்தது. முதலில் குளியலறையில், பிறகு சமையலறையில். குழாய்களைக் கழற்றி வாஷர் மாற்றினேன். வடிகட்டியைத் தேய்த்துக் கழுவினேன். ஒன்றும் ஆகவில்லை. ரோட்டு வழியாகச் சுற்றி மேலே போய் மோட்டாரைப் போட்டேன், தொட்டிக்குள் தண்ணீர் திமுதிமுவென்று விழுந்தது. அப்படியானால் கிணற்றிலும் குறையில்லை, மோட்டாரிலும் குறையில்லை. தொட்டி நிறையத் தண்ணீர் நிற்கிறது, வீட்டில் நூல் மாதிரி வருகிறது. மெஷின் பார்த்தவனுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம். ஆத்திரத்தில் குளியலறைக் குழாயை ரெஞ்சால் ஓங்கி அடித்தேன், அது இரண்டாக உடைந்து தெறித்தது. வாளியை உதைத்தேன். ஞானசுந்தரி உடைந்த துண்டுகளை முறத்தில் அள்ளிக்கொண்டு போனாள்.

மிச்சம் இருந்தது ஹோஸ் மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தேன். வெள்ளையன் வீடு பூட்டிக் கிடந்தது. அவனும் அவன் மனைவி குப்பாயியும் கரடியூரில் மிளகு பறிக்கப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. மேட்டின் உச்சியில் ஹோஸில் ஒரு ஓட்டை. அதில் காப்பிக் குச்சியைச் சீவிச் செருகியிருந்தது. கீழே ஈரத்தில் சேம்பு செழித்து நின்றது. என் தண்ணீரில் அவன் சேம்பு. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினோரு வருஷமாக அண்ணா அண்ணா என்று கும்பிட்டுக்கொண்டே திருடியிருக்கிறான்.

குச்சியைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் விளங்கியிருக்கும். எந்த மெஷினையும் திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதவன் நான். அன்றைக்குத் திறக்கவில்லை. கல்லால் குச்சியை உள்ளே அடித்து இறக்கி, அதன் மேல் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றிவிட்டு வந்தேன்.

தண்ணீர் கூடவில்லை, இன்னும் குறைந்தது. மூன்றாம் நாள் காலையில் சுத்தமாக நின்றுபோனது. வேறு எங்கோ இன்னொரு ஓட்டை போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். இரண்டடி நீளப் பைப் ரெஞ்சை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

வெள்ளையன் ஊர் திரும்பியிருந்தான். மேட்டில் குந்தி உட்கார்ந்து, கொடுவாளால் என் டியூபை அறுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

“இத யாருங்கண்ணா கட்டுனது?” என்றான்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதல் அடி மணிக்கட்டில். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. கொடுவாள் தெறித்துப் போய் காப்பிச் செடிக்குள் விழுந்தது. அவன் இடது கையைத் தூக்கித் தலையை மறைத்தான், தோளில் அடித்தேன். சாய்ந்தவனை விலாவில் உதைத்தேன். மறுபடி உதைத்தேன். அவன் திருப்பி அடிக்கவேயில்லை. ஏன் என்று கேட்கக்கூட அவனுக்கு மூச்சு வரவில்லை. அவன் உதட்டு ரத்தம் சேம்பிலையில் சொட்டியது. நான் ரெஞ்சை மறுபடி ஓங்கினேன்.

அப்போது அவன் பாதி அறுத்திருந்த டியூப் பட்டென்று அவிழ்ந்தது. குச்சி பீறிட்டுப் போய் எங்கோ விழுந்தது. ஓட்டையிலிருந்து தண்ணீர் வரவில்லை, காற்று வந்தது. சீறிக்கொண்டு, மண்ணைக் கிளப்பிக்கொண்டு, நிற்காமல் வந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு இரண்டு முறை துப்பிவிட்டுத் தண்ணீர் வந்தது.

சட்டைப்பையில் செல்போன் அடித்தது. ஞானசுந்தரி.

“ஏனுங்க, தண்ணி வந்துருச்சுங்க. நொம்ப வேகமா வருது. என்னங்க பண்ணுனீங்க?”

போனை அணைத்தேன். ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொட்டி காலியாகும்போதெல்லாம் ஹோஸில் காற்று ஏறும். ஏறிய காற்று மேட்டில் போய் நின்றுகொண்டு தண்ணீரை மறிக்கும். அதை வெளியே விடத்தான் அந்த ஓட்டை.

குப்பாயி விறகுக்கட்டையோடு ஓடி வந்தாள். முதல் அடி என் முதுகில் விழுந்தது, இரண்டாவது நெற்றியைக் கிழித்தது. நான் ரெஞ்சைக் கீழே போட்டுவிட்டு நின்றேன். மூன்றாவது அடிக்கு அவளுக்குக் கை வரவில்லை.

“பதினோரு வருசமா மூணு நாளைக்கு ஒருக்கா இந்தக் குச்சியப் புடுங்கிக் காத்த உட்டாரு. உங்க ஊட்டுக்குத் தண்ணி போவோணும்னு. கரடியூர்ல இருந்து வந்ததும் வராததுமா, கஞ்சிகூடக் குடிக்காம இங்கதான் வந்தாரு” என்றாள்.

என் ஜீப்பிலேயே அவனைக் கீழே கொண்டுபோனேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அவன் முனகினான். ஒவ்வொரு முனகலும் எனக்கு விழுந்த அடி. என் நெற்றி ரத்தம் கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. அடிவாரம் தாண்டும்போது போலீசில் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். பின் சீட்டில் குப்பாயி அவன் கையைத் தன் மடியில் தாங்கிப் பிடித்திருந்தாள்.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். மரத்திலிருந்து விழுந்துவிட்டதாக வெள்ளையன் சொன்னான். டாக்டர் என் நெற்றியைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார். தகடு வைக்க வேண்டும், இனி அந்தக் கை பாரம் தாங்காது, மரம் ஏறுவதை மறந்துவிட வேண்டும் என்றார். குப்பாயி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அவன் நான் முடிக்கும்வரை காத்திருந்தான்.

“கேஸு வேண்டாமுங்க, கோர்ட்டுக்கு நாந்தான் அலையோணும். ஹோஸும் அங்கயே கெடக்கட்டும், உங்க ஊட்டு அக்கா தண்ணிக்கு எங்க போவாங்க? நீங்க மட்டும் இனி எங்க காட்டுல கால வெக்காதீங்க.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

அவன் மிளகை அந்த வருஷம் பறவைகள் தின்றன. மிச்சம் கொட்டி மண்ணோடு போனது. ஆள் வைத்துப் பறித்துத் தருகிறேன் என்று ஞானசுந்தரியிடம் சொல்லி அனுப்பினேன். குப்பாயி வாசலிலேயே அவளை நிறுத்தி, அவளுக்குக் காப்பி கொடுத்து, என் பேச்சை மட்டும் காதில் வாங்காமல் திருப்பி அனுப்பினாள்.

மூன்று நாளைக்கு ஒருமுறை காலையில் எங்கள் குழாய் துப்பும், பிறகு வேகமாகக் கொட்டும். குப்பாயிதான் வந்து திறந்துவிடுகிறாள் என்று நினைத்திருந்தேன். போன வாரம் வாசலில் நின்று மேலே பார்த்தேன். மேட்டில் வெள்ளையன் மண்டியிட்டிருந்தான். இத்தனை வருஷத்தில் அவன் அங்கே குனிந்து நிமிர்வதை எத்தனை முறை பார்த்திருப்பேன். களை பிடுங்குகிறான் என்று நினைத்திருக்கிறேன். இப்போது வலது கை மடியில் கிடந்தது. ஹோஸை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, குச்சியைப் பல்லால் கடித்து இழுத்தான். ஒரு முறையில் வரவில்லை. மறுபடி கடித்தான்.

ஓடிப்போய்ப் பிடுங்கித் தரக் கால் பரபரத்தது. எங்கள் வேலிவரை போய் நின்றுவிட்டேன். பின்னால் வீட்டுக்குள் குழாய் இரண்டு முறை துப்பிவிட்டுக் கொட்டத் தொடங்கியது. ஞானசுந்தரி வாளியை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.