ஒரே பக்கம் சுற்றிய மோட்டார்

அவன் கைவைத்த வீட்டில் விளக்கு பளிச்சென்று ஒருதரம் எரிந்துவிட்டு அணையும் என்று யாரோ கிண்டலாக வைத்த பெயர் மின்னல். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். இருபது வருடமாக வீட்டு ஒயரிங். சுவரைக் கொத்தி, பைப் பதித்து, சுவிட்சு மாட்டும் வேலை. அதில் கெட்டிக்காரன்தான், வாய்தான் வேலையை விட நீளம்.

அக்கா ஒரு மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளை வீட்டிலேயே துவைத்துக் கொடுத்தாள். நாளைக்கு நாற்பது விரிப்பு. அந்தத் துணி துவைத்த காசில்தான் அவனை ஒயர்மேன் படிப்பு படிக்க வைத்தாள். இப்போது மணிக்கட்டு இரண்டும் வீங்கி, ஒரு டம்ளர் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

"நானே ஒரு மெஷின் செஞ்சு தர்றேன்க்கா. டிரம்முக்குள்ள துடுப்பு, மேல மோட்டார். பன்னெண்டு செகண்டு இந்தப் பக்கம் சுத்தும், பன்னெண்டு செகண்டு அந்தப் பக்கம். துணி முறுக்கிக்காது."

"அதெல்லாம் உனக்குத் தெரியுமாடா?"

"யாரைப் பாத்து என்ன கேக்குற!"

தெரியாது. உதிரிபாகக் கடைக்காரர் டைமரையும், அது சொல்லும் நேரத்தில் மின்சாரத்தை மாற்றிவிடும் ரிலேயையும் மேசையில் வைத்துவிட்டு, "அண்ணே, ஓடுற மோட்டாரை அப்படியே திருப்பாதீங்க. நடுவுல ரெண்டு செகண்டு நிறுத்தணும். அதுக்கு இன்னொரு டைமரும் ரிலேயும் வேணும். படம் வரைஞ்சு தரட்டுமா?" என்று கேட்டார்.

கடையில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். "ஒயரோட பொறந்தவன்யா நான்" என்று சொல்லிவிட்டு ஒரே ரிலேயோடு வந்துவிட்டான்.

மோட்டாரின் இரண்டு ஒயரையும் ரிலேயின் நடுக்கால்கள் இரண்டில் பற்றவைத்தான். ஓரக்கால்களில் பேட்டரியின் பிளஸ்ஸையும் மைனஸையும் குறுக்காக மாற்றிக் கட்டினான். ரிலே இழுத்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம். இடைவெளி ஏதும் விடவில்லை. விளக்குக்குச் சுவிட்சு போட்டே பழகின கை அது. விளக்கை எத்தனை வேகமாகப் போட்டு அணைத்தாலும் கோபித்துக்கொள்ளாது. பாரத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் அப்படியா?

எட்டு நாள் ஓடியது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அக்கா முக்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் டர்ரென்று ஒரு சத்தம். துடுப்பில் கயிறாகச் சுற்றிக்கொண்ட ஆறு விரிப்புகள் கிழிந்து தொங்கின.

அவன் பெட்டியைத் திறந்தான். கருகின வாடை. ஒவ்வொரு திருப்பத்திலும் பொறி பறந்து பறந்து, ரிலேக்குள் மாறிமாறித் தொடும் நாக்குகளில் ஒன்று ஒரு பக்கமாகவே ஒட்டிப்போயிருந்தது. மோட்டார் வலப்பக்கம் சுற்றியது, நின்றது, மறுபடியும் வலப்பக்கமே சுற்றியது. கடைக்காரர் சொன்ன அந்த இரண்டு செகண்டு காதில் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து வாசலில் மருத்துவமனை மேற்பார்வை அம்மா. வெளியே உருவிப் போட்டிருந்த கிழிந்த விரிப்புகளைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன இது?"

"நான்தாம்மா. கைக்கு அடங்கல. கல்லுல போட்டு இழுத்துட்டேன்" என்றாள் அக்கா, அவன் பக்கம் திரும்பாமல்.

அவள் எதற்குப் பொய் சொன்னாள் என்று அவனுக்குத் தெரியும். மருத்துவமனையின் புதுக் கட்டட ஒயரிங்குக்குத் தம்பி பேரைச் சொல்லி வைத்திருந்தாள். அவன் டிரம்முக்குப் பின்னால் ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டு நின்றான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"கை போயிடுச்சுன்னா சொல்லிடுங்கம்மா. நாளையிலேருந்து வேற ஆளைப் பாத்துக்கிறோம்" என்று அந்த அம்மா படியிறங்கிவிட்டாள்.

அவன் தெருமுனை வரைக்கும் செருப்பில்லாமல் ஓடினான்.

"அம்மா, கிழிச்சது அக்கா இல்ல. நான் செஞ்ச மெஷின்."

அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது. "அக்காவுக்காகப் பழியை உங்க மேல தூக்கிப் போட்டுக்கிறீங்க. இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைக்கும்!"

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். "பாராட்டாதீங்கம்மா. வந்து கண்ணால பாருங்க" என்று கெஞ்சிக் கூட்டிவந்தான்.

பக்கத்து வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்க்க, ஓட்டிக் காட்டினான். வலப்பக்கம். நின்றது. வலப்பக்கம். நின்றது.

"கடைக்காரர் சொல்லிக் குடுத்தாரு. எல்லாம் தெரிஞ்ச மாதிரி கேக்காம வந்துட்டேன். அக்கா கல்லைத் தொட்டு ஒம்பது நாளாச்சு."

"மின்னலு, இடியும் நீயே இறக்கிட்டியா!" என்று யாரோ சிரித்தார்கள்.

மேற்பார்வை அம்மா சிரிக்கவில்லை. "மூட்டை வழக்கம்போல வரும். ஆனா இந்த மெஷின்ல ஒரு துணியும் போடக்கூடாது" என்று அக்காவிடம் சொன்னாள். பிறகு அவனிடம், "நீங்க கட்டடத்துப் பக்கம் வர வேண்டாம்."

அவள் போனதும் அக்கா எழுந்தாள். "ஒரு பொய்யைச் சொல்லி உன் பொழப்பைக் காப்பாத்துனேன். அதையும் கெடுத்துட்டியேடா."

"உன் வேலை போயிருக்கும்க்கா."

"வேலை..." என்று அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு டிரம்முக்குள் கைவிட்டு, துடுப்பைச் சுற்றியிருந்த விரிப்பை இழுத்தாள். வரவில்லை. அவன் கிட்டே போனான். அவள் முழங்கையால் அவனைத் தள்ளிவிட்டு மறுபடியும் இழுத்தாள். சிரித்த பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் வாசலில் நின்றார்கள். அவன் போய் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைத் தூக்காமல், நுரையில் கைவிட்டு விரிப்பின் மறுமுனையைத் தேடினான்.