தூண் சாய்ந்தால் திறக்கும் கதவு

அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவளுக்கு அக்கா கணவர். வீட்டில் மாமா, இங்கே சார், அவள் மனத்துக்குள் 'உறிஞ்சி'. கண்ணாடிக் குழாயால் செல்லின் சவ்வை உறிஞ்சி இழுத்தால்தான் மின்னேற்றத் துகள்களான அயனிகளை உள்ளே விடும் அதன் கதவு திறக்கும் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே பாட்டைப் பாடுபவர். அந்தப் பாட்டில்தான் பதவி உயர்வு, மாலை, மேடை எல்லாம்.

அவள் ஆராய எடுத்துக்கொண்ட கதவு உறிஞ்சலுக்கு மசியவில்லை. அதனால் நுண்ணிய ரப்பர்த் தூண்களை வார்த்து, அவற்றின் தலைமேல் செல்களை வளர்த்தாள். செல் கவ்வியிருந்த தூண் ஒன்றை ஊசியால் லேசாகச் சாய்த்தாள். திரையில் மின்னோட்டத்தைக் காட்டும் கோடு சரிந்தது. அயனிகள் உள்ளே பாய்ந்துவிட்டன. செல் தன் தரையைப் பிடித்திருக்கும் இடத்தில்தான் இந்தக் கதவுக்கு உயிர்.

"மேஜை ஆடியிருக்கும்," என்றார் மாமா, திரையைப் பார்க்காமலே.

செல் சரியாகக் கவ்வ முடியாத பூச்சைத் தூண்களுக்குப் பூசி, மறுபடி செய்தாள். அதே மேஜை, அதே சாய்ப்பு. கோடு அசையவில்லை. அவர் வாயும் அசையவில்லை.

வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்த அன்றுதான் வாய் திறந்தது. "தூண் வச்சுப் பாக்கலாம்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம் சார்."

"அப்படியா? செஞ்சு காட்டுங்களேன்."

மாமா உட்கார்ந்தார். முதல் செல்லை ஊசி கிழித்தது. அடுத்ததையும் கிழித்தது. "இந்தத் தட்டுல செல் சரியா வளரல," என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் ஓரக்கண்ணால் கெஞ்சுவதை, காய்கறிக் கடையில் அழுகல் பார்ப்பதுபோல் அவள் நின்று பார்த்தாள்.

பிறகு சொன்னாள்: "எந்திரிங்க மாமா."

அந்த அறையில் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் முறை. தூண் சாய்ந்தது, கோடு சரிந்தது.

"இது யாரோட யோசனை?" என்றார் நிபுணர்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான்," என்றார் மாமா.

"ஆமா சார். மேஜை ஆடுதுன்னு கண்டுபிடிச்சது அவர்தான்."

நிபுணர் இருமுவதுபோல் சிரித்தார்.

இரவு அக்கா போனில் அழுதாள். "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டியேடி. அவரு சாப்பிடாம படுத்திருக்காரு. கட்டுரையில உன் பேரத்தான் முதல்ல போடப்போறாராம்."

"பசிச்சா எழுந்து சாப்பிடுவாரு. நீ சாப்பிட்டியா?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "எனக்கும் தெரியும்டி அவரைப் பத்தி," என்று மட்டும் சொன்னாள்.