ராஜாத்தியின் பங்கு

சிவனாண்டி அண்ணாச்சி தன் நாய்க்கு ஈரல் போடுவதை நிறுத்திய அன்று, நான் அவரை மகராசன் என்று வாழ்த்தினேன். என் நாக்கில் கொள்ளியை வைக்க.

ராஜபாளையம் மார்க்கெட்டில் அவர் கடையில் நாங்கள் ஐந்து பெண்கள் மீன் வெட்டுகிறோம். தூத்துக்குடி லாரியில் சீலாவும் பாறையும் வந்து இறங்கும். சதை வாங்கியவர்களுக்கு, ஈரல் வெட்டுகிறவளுக்கு என்பது இங்கே வழக்கம். அதிலும் நல்லதாகப் பொறுக்கி அண்ணாச்சி தன் ராஜாத்திக்கு எடுத்துக்கொள்வார். பால் வெள்ளையில், ரோஸ் மூக்கோடு, அசல் ராஜபாளையம் நாய். கடைத் தூணில் கட்டிக் கிடக்கும். போன ஆடியில் ஒருநாள், "இனி இதையும் நீங்களே பங்கு வச்சுக்கங்கட்டி" என்றார். மனுஷனுக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த மாதமே என் மகள் மகாலட்சுமி முழுகாமல் இருந்தாள். ரத்தம் கம்மி என்றார்கள். ஈரல் தின்றால் ரத்தம் ஊறுமே என்று மிளகைத் தட்டிப் போட்டு வதக்கிக் கொடுத்தேன். "வேண்டாம்மா, கொமட்டுது" என்பாள். அதட்டி ஊட்டினேன். இப்போது ஏழாம் மாதம் நடக்கிறது.

இன்று காலையில் அனுக்ரஹா வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதிப் பெண், காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவள். வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. இங்கே வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈரலை டப்பாவில் அடைத்துப் போவாள். என் தூக்குவாளியைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

"அக்கா, இதையா வீட்டுக்குக் கொண்டுபோறீங்க? சதையில அம்புட்டு இல்லக்கா. ஈரல்லயும் கிட்னியிலயும்தான் ஈயம், காட்மியம் எல்லாம் சேர்ந்து கெடக்கு. மாசமா இருக்கவங்க தொடவே கூடாது. ஆடியிலயே அண்ணாச்சிகிட்ட ரிப்போர்ட்டக் குடுத்துப் படிச்சும் காட்டுனேனே. சொல்லலியா?"

ஆடி என்றதும் திரும்பி ராஜாத்தியைப் பார்த்தேன். வயிறு தள்ளிப் படுத்திருந்தது. அதன் குட்டிகளுக்கு இப்போதே ஆட்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதன் வாயிலிருந்து எடுத்துத்தான் எங்களுக்குப் போட்டிருக்கிறான், படுபாவி.

அரிவாள்மனைப் பக்கம் கை போனது. பொய் சொல்ல மாட்டேன். பிறகு தூக்குவாளியை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் பார்க்க, ஈரலை ராஜாத்தி முன்னால் கொட்டினேன்.

கல்லாவைத் தாண்டிக் குதித்து வந்தார் அண்ணாச்சி. "ஏட்டி வெள்ளத்தாயி, எடுடி அத! நாய் சினையா இருக்கு, கண்ணு தெரியலியா?"

"எம்மவளும் மாசமாத்தான் இருக்கா, அண்ணாச்சி."

அப்போதுதான் தான் சொன்னது அவருக்கு உறைத்தது. மீன் வெட்டும் சத்தம் நின்றுபோனது. என்னோடு வெட்டுகிற கருத்தம்மாள்தான் முதலில் எழுந்தாள். தன் வாளியைக் கொண்டுவந்து நான் கொட்டியதன் மேலேயே கவிழ்த்தாள். அவள் பின்னால் மற்ற மூன்று பேரும் வந்தார்கள். ராஜாத்தி வாலை ஆட்டிக்கொண்டு எட்டி எட்டி இழுத்தது. அண்ணாச்சி ஈரத் தரையில் முட்டி போட்டு, அதன் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.