இசட் வரைக்கும்

"கடைசி வார்த்தை. ஜெலட்?" என்று மாமனார் கேட்டார்.

மருமகள் ஓட்டுநர் சீருடையில் நின்றாள். ஒன்பது மணிக்குள் பணிமனைக்குப் போகாவிட்டால் பேருந்து ஓட்டும் வேலை இன்னொருவருக்குப் போய்விடும். மாமனாரோ நாற்காலியை வாசற்படிக்குக் குறுக்கே போட்டு, மடியில் ஆங்கில அகராதியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு கொள்கையப் பிடிச்சிக்கிட்டு தலகால் தெரியாம ஆடுறவங்க, மாமா."

அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண் வேலைக்குப் போக வேண்டுமானால், கடினமான ஆங்கிலச் சொற்களை ஏ முதல் இசட் வரை பொருளோடு ஒப்பிக்க வேண்டும். வெளியே யாராவது ஏதாவது கேட்டு, அவள் திருதிருவென்று விழித்துக் குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிடக் கூடாதாம். பஸ் ஏறுகிறவன் டிரைவரிடம் அர்த்தமா கேட்பான்? மகனுக்கு மட்டும் இந்தச் சட்டம் கிடையாது. அவன் சற்றுமுன் அப்பாவின் காலைத் தாண்டிக்கொண்டு ஆபீசுக்குப் போயிருந்தான்.

"இசட் முடிஞ்சிருச்சு. கிளம்பட்டுமா மாமா?"

மாமனார் நாற்காலிக்கு அடியிலிருந்து இன்னும் தடியான ஒரு புத்தகத்தை எடுத்தார். "புதுப் பதிப்பு. நேத்துதான் வாங்கினேன். எத்தன வார்த்த புதுசா சேத்திருக்கான் பாரு. மறுபடி ஏ-லேருந்து வா."

மருமகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அடுப்படியிலிருந்து மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கல்யாணமான புதிதில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தவள் அவள். புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் பிரித்தாள்.

"அபரன்ட். சொல்லுங்க."

"நானா? நான் கேக்குறவன்டி."

"கேக்குறவருக்குத் தெரியணுமில்ல?"

"புத்தகத்தக் குடு, சொல்றேன்."

மாமியார் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அவர் உத்தரத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"அப்ப நீங்களும் வெளிய போகக்கூடாது. நாற்காலிய உள்ள தள்ளிப் போடுங்க. நீ போம்மா, நேரமாச்சு."

நாற்காலி நகர்ந்ததும் மருமகள் செருப்பைக்கூட மாட்டாமல், கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"பார்க்குல சிநேகிதருங்க காத்துக்கிட்டிருப்பாங்கடி," என்றார் மாமனார். குரல் இறங்கியிருந்தது. "இது எப்ப முடியும்?"

மாமியார் அவர் எதிரே உட்கார்ந்து பக்கத்தை நீவிவிட்டாள்.

"எனக்கு முப்பது வருஷத்துல கே வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள வேலைக்குப் போற வயசே போயிருச்சு. நீங்க ஆம்பள, வெரசா முடிச்சிருவீங்க. ம், ஏ-லேருந்து வாங்க."