கண்ணாடியில் படிந்த ஈரம்

ஏசி மனிதர்களுக்காகக் கண்டுபிடிக்கப்படவே இல்லை. தாம்பரத்தில் ஏசி மெக்கானிக் வகுப்பு எடுக்கும் அரிகிருஷ்ணன், வருஷா வருஷம் முதல் நாள் இதைச் சொல்லித்தான் பையன்களின் தூக்கத்தைக் கெடுப்பார். நூறு வருஷத்துக்கு முன்னால் நியூயார்க்கில் ஓர் அச்சகம். ஈரக்காற்றில் காகிதம் உப்பிப்போய், ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காரவில்லை. காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுக்க ஒருவர் செய்த மெஷின்தான் ஏசி. குளிர்ச்சி நமக்குக் கிடைத்த கொசுறு. இதைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். பிறகு மேஜை மேல் ஐஸ் தண்ணீர் டம்ளர் ஒன்றை வைப்பார். டம்ளருக்கு வெளியே வேர்க்கும்.

"உள்ளேர்ந்து கசியலடா. இந்த ரூம் காத்து, நாம விடுற மூச்சு, அதுல இருக்குற தண்ணிதான் சில்லுனு பட்டதும் ஒட்டிக்குது."

அந்த மனுஷன் வீட்டுக் கூடத்தில், 2007 செப்டம்பரில், ஃப்ரீசர் பெட்டி வந்து உட்கார்ந்தது. உள்ளே அவர் மகள் தேவதர்ஷினி. காலேஜ் இரண்டாம் வருஷம். காய்ச்சல்தானே என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். துபாயிலிருக்கும் அண்ணன் விக்கி வந்து முகம் பார்க்க வேண்டும், அதுவரைக்கும் பெட்டி. அதைக் கொண்டுவந்த தனசேகர் அவரிடமே படித்தவன். "சார்" என்றான். குனிந்து பெட்டியின் ஒயரை எடுத்துப் பிளக்கில் செருகினான்.

மத்தியானம் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. சிட்லபாக்கம் ஏரிப் பக்கமிருந்து புழுக்கம் ஏறி வந்தது. கூடம் கொள்ளாத ஜனம். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா செல்வம்மாள் திடீரென்று அழுகையை நிறுத்தினாள். மகள் முகத்துக்கு நேராகக் கண்ணாடி மங்கியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கியது. துடைத்தது வெளிப்பக்கம், மங்கியதும் வெளிப்பக்கம்தான். அதைக் கவனிக்கிற நிலையிலா இருந்தாள் அவள்!

"மூச்சு வுடுறா! எம்பொண்ணு மூச்சு வுடுறா! தொறங்க!"

பெண்களெல்லாம் எழுந்துவிட்டார்கள். தனசேகர் ஓடி வந்தான்.

"அம்மா, அது வெளிக்காத்து ஈரம்மா. உள்ளேர்ந்து வரல. சார்தாம்மா எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாரு."

செல்வம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. அவன் சொல்றது நெஜமா?"

அவருக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொன்னவர். ஆமாம் என்றால் முடிந்தது. அந்த ஒரு வார்த்தையை எந்த அப்பன் சொல்லுவான்? ஒருவேளை இருக்குமோ என்றது பாவி மனசு. இத்தனை வருஷம் நடத்திய பாடமெல்லாம் பொய்யாகவே போகட்டுமே என்று கெஞ்சியது.

"தொறடா" என்றார்.

"சார்..."

"தொறடா தனசேகர்."

மூடி கொஞ்சம் உயர்ந்ததுமே, வெளிக்காற்று புகுவதற்குள், இடுக்கில் கையை விட்டார். மகள் வாய்க்கு நேராகக் கண்ணாடியின் உள்பக்கத்தை உள்ளங்கையால் தடவினார். நகர்த்தி நகர்த்தித் தடவினார். துளி ஈரம் இல்லை. காகிதம் வைத்திருந்தால் உப்பியிருக்காது, அப்படிக் காய்ந்து கிடந்தது.

"ஈரமா இருக்குதா?" என்று கேட்டாள் செல்வம்மாள்.

அவர் கையை வெளியே எடுத்து அவளிடம் நீட்டினார். எங்கேயாவது ஒட்டியிருக்குமா என்று அவள் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். அவள் கண்ணீர் விழுந்துதான் அந்தக் கை நனைந்தது.