நூறு வரை

ஊர் முழுக்க ஒட்டியிருந்த விளம்பரத்தில் ‘நூறு’ ஆள் உயரத்துக்கு நின்றது. பக்கத்தில் ‘வரை’ என்று ஒரு சொல், எறும்பு அளவுக்கு. இன்டர்நெட் வேகம் நூறு வரை வரும் என்று சொல்லிவிட்டால் ஐந்து வந்தாலும் பொய்யில்லையாம். அந்த எறும்பைக் கவனிக்காமல் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களில் கீழ் வீட்டுத் தங்கையும் ஒருத்தி.

அவளுக்கு வேலை, ஆஸ்பத்திரிகளுக்கு வீடியோவில் மொழிபெயர்த்துச் சொல்வது. டாக்டருக்கு ஒரு மொழி, நோயாளிக்கு ஒரு மொழி, நடுவில் இவள். சாயங்காலம் ஆனால் போதும், டாக்டர் வாயைத் திறந்தபடி திரையில் நிற்பார், பேச்சு வராது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலை இல்லை என்று ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

மாடி வீட்டில் அவளுடைய அண்ணன். விளம்பரங்களைக் கண்காணிக்கும் வாரியத்தின் தலைவரே அவர்தான். அதே கம்பெனி, அதே திட்டம்.

“உன் கம்ப்யூட்டரை மாத்து. மேல எனக்குப் பறக்குது” என்பார்.

தன் வீட்டில் மழை பெய்தால் ஊரெல்லாம் நனைந்துவிட்டது என்று நினைக்கிற மனுஷன். அவர் கையில் போய் இந்த விவகாரத்தைக் கொடுத்திருந்தார்கள்.

வாரியத்தின் முன் ஒரு புது விதி இருந்தது. பெரும்பாலான வீடுகளுக்குச் சாயங்காலத்தில் உண்மையில் கிடைக்கும் வேகத்தைத்தான் விளம்பரத்தில் போட வேண்டும். அது வராதவர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போகலாம். தங்கைக்கு வேலை நிலைக்க அது ஒன்றுதான் வழி. பொதுமக்கள் கருத்தைக் கேட்க வாரியம் ஒரு கூட்டம் போட்டது. எப்படி? வீடியோவில், சாயங்காலம் ஏழு மணிக்கு. வேகம் வரவில்லை என்று அழுகிறவர்களை அந்த வேகத்திலேயே வந்து அழச் சொல்லும் மூளையை எந்தக் கடையில் வாங்கினார்களோ.

ஒரு டீச்சர் பாதிச் சொல்லில் நின்றுபோனார். ஒரு பெரியவர் “ஐயா” என்றதோடு மறைந்தார். வாரிய ஆபீஸில் உட்கார்ந்திருந்த அண்ணன் சளைக்காமல், “சரியா கேக்கல. அடுத்தவர்” என்று தள்ளிக்கொண்டே போனார். கம்பெனிக்காரர் ஒருவர்தான் பளிச்சென்று தெரிந்தார், மூச்சுவிடாமல் பேசினார். தங்கையின் முறை வந்தபோது “வணக்கம்” கூடப் போய்ச் சேரவில்லை.

“இவங்களும் இல்ல போல” என்றார் அண்ணன். இவங்களாம்! காலையில் இவள் போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போன வாய்! “புகார் ஒண்ணும் பதிவாகலைன்னா புது விதி எதுக்கு? முடிச்சுக்கலாமா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படியேறி ஓடினாள். கதவைத் திறந்த அண்ணி, “என்னம்மா, இப்படி மூச்சு வாங்குது?” என்றாள்.

“அண்ணன் கம்ப்யூட்டர் வேணும் அண்ணி. இப்பவே.”

அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டத்துக்குள் நுழைந்தாள். திரை மூலையில் அண்ணன் பெயரே விழுந்தது.

“கீழ் வீட்டுல இருந்து ஒரு வார்த்தை பேச முடியல. நேத்து மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு ஒரு நோயாளிக்குச் சொல்ல முடியல. எனக்கு வேலை போகப்போகுது. அதே கம்பெனி, அதே திட்டம், இடையில ஒரு மாடிதான். இங்க மட்டும் எப்படிப் பறக்குது?”

அண்ணன் திரையில் தன் வீட்டு ஜன்னல் திரைச்சீலையைப் பார்த்தார். முகம் சுண்டியது. பிறகு, கொஞ்சமும் கூசாமல், “உங்க குரல் விட்டு விட்டு வருதும்மா. அடுத்தவர்” என்றார்.

பின்னால் நின்ற அண்ணி, “அடப்பாவி!” என்றாள்.

கம்பெனிக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. விற்ற சரக்கைக் குறை சொன்னால் ரோஷம் வராதா?

“மன்னிக்கணும் சார், அதுக்கு வாய்ப்பே இல்ல. பேரைப் பாருங்க, அது உங்க வீட்டு லைன். உங்களுக்குன்னே தனியா இழுத்துக் குடுத்தது. ஒரு எழுத்துகூட விட்டுப்போகாது!”

கூட்டக் குறிப்பு எழுதும் பெண் மெதுவாகக் கேட்டாள்: “சார், இதைப் பதிவு பண்ணிக்கவா?”

அண்ணன் வாயைத் திறந்தபடி திரையில் நின்றார், பேச்சு வரவில்லை. அண்ணி நாற்காலிக்கு மேலாகக் குனிந்து மைக்கை இழுத்துக்கொண்டாள்.

“பண்ணிக்கோம்மா. நல்லா கேட்டுச்சுல்ல?”