எரியாத மருந்து

உறுவையாறு கிராமத்துப் புகழ்வேந்தனுக்கு ஒரே மகள், பிரியதர்ஷினி. எட்டு வயது. பிறந்ததிலிருந்தே அவள் நெஞ்சில் சளி பசைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். அது இளகுவதற்கு, உப்பு தூக்கலான மருந்துத் தண்ணீரை, புகையாக்கித் தரும் நெபுலைசர் மெஷினில் ஊற்றி, தினம் இரண்டு வேளை மூச்சில் இழுக்கவைக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. சாயங்காலம் அம்மா செல்வகுமாரி வைப்பாள். விடியற்காலையில் அவள் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிவிடுவதால் காலை வேளை புகழ்வேந்தன் பொறுப்பு.

மருந்து தொண்டையை எரித்தது. குழந்தை இருமி இருமித் துவண்டுபோகும். ஒருநாள் பார்க்கப் பொறுக்காமல், வில்லியனூர் மெடிக்கலில் உப்பு குறைந்த சாதா சலைன் வாங்கிவந்து அதற்குப் பதிலாக ஊற்றினான். இருமலே இல்லை.

"நீ வெச்சா எரியலப்பா. அம்மா வெச்சாத்தான் எரியுது."

அந்தப் பேச்சு அவனுக்கு இனித்தது. நான்கு மாதம் அப்படியே ஓடியது.

ஐப்பசி மழையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு செல்வகுமாரி பக்கம் திரும்பினார்.

"மருந்த ஒழுங்கா வெக்கிறியாம்மா? வெச்சிருந்தா இவ்ளோ சளி கட்டாதே."

"ஒரு வேளகூட வுட்டதில்லீங்க."

"பெத்தவ நீதான் கவனமா இருக்கணும்."

புகழ்வேந்தன் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிப்பதுபோல நின்றான்.

வராந்தாவுக்கு வந்ததும் செல்வகுமாரி உடைந்து அழுதாள். "வேலைக்குப் போயி புள்ளைய கெடுத்துட்டேன். நாளையிலேந்து நின்னுடறேன்."

அதற்குமேல் அவனால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கத்தவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "உள்ள நான் திட்டு வாங்கறப்ப நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

அவன் திரும்ப உள்ளே போனான். வேறு நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, "அவமேல தப்பில்லீங்க, நான்தான் மருந்த மாத்தினேன்" என்றான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மூச்சுக்குழாய் உள்தோல்மேல எப்பவும் மெல்லிசா தண்ணி ஊறிக்கிட்டே இருக்கணும். ஒங்க பொண்ணுக்கு அது ஊறாம வறண்டுபோவுது. உப்பு மேல பட்டாத்தான் உள்ளேருந்து தண்ணிய இழுக்கும், சளி இளகும், இருமி வெளிய வரும். அந்த இருமல் வரணும்னுதான் மருந்தே."

திட்டியிருந்தால் தேவலாம்போல இருந்தது அவனுக்கு.

வீடு திரும்பிய மறுநாள் செல்வகுமாரி பஸ்ஸுக்குப் போகவில்லை. அவன் காலை மருந்தை எடுக்க, எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"எரியாததையே ஊத்துப்பா" என்றாள் பிரியா.

"அது மருந்தே இல்லம்மா. அப்பா ஒன்ன ஏமாத்திட்டேன். அம்மா வெச்சதுதான் மருந்து."

குழந்தை அவனை வெறித்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் மடியில் போய் உட்கார்ந்து மாஸ்க்குக்குக் கை நீட்டினாள். அவன் மெஷினைப் போட்டுவிட்டு, அவள் இருமித் துப்பக் கிண்ணத்தை ஏந்தினான். செல்வகுமாரியை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் அவனுக்கு வரவில்லை.